அண்ணன் பேரில் ஒரு சீட்டு

அந்த கேம் பெட்டியை வாங்கியது என் வீட்டுக்காரர் பூபதிதான், இல்லையென்று சொல்லவில்லை. சென்னையில் பழைய பெட்டி ஒன்றைப் பேரம்பேசி வாங்கிவந்து ஒரு வாரம் கால்பந்து ஆடினார். எதிரில் ஆடியவன் கோல்மேல் கோல் போட்டதும், "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று டிவிக்கு அடியில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொட்டது நான் ஒருத்திதான்.

டிவியில் ஆட முடியுமா? டிவி அவருடையது. கிரிக்கெட், இல்லாவிட்டால் செய்தி. பெட்டி கூடத்தில் கிடக்கும், அதில் ஓடுகிற படம் வைஃபை வழியாக அடுப்படிக்கு வந்து என் போனில் தெரியும். என் கொழுந்தன் ஜெகதீஸ்வரன்தான் அப்படி அமைத்துக்கொடுத்தான். போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால், இறால் உரித்த கவிச்சி போவதற்குள் நான் விண்வெளியில் இருப்பேன். வைஃபையில் வருவதால் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கை திருப்பிய பிறகு சற்றுப் பொறுத்துத்தான் கப்பல் திரும்பும். பெரிய டிவி முன்னால் உட்கார்ந்து ஆடும் பையன்களுக்கு அந்த அவஸ்தை இல்லை. எனக்கு இருந்தது, அதனால் திரும்பவேண்டிய இடம் வருவதற்கு முன்பே திருப்பப் பழகிக்கொண்டேன். முகத்துவாரத்தில் நீரோட்டம் பார்த்துப் படகு விடுகிறவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

ஊர் உலகமெல்லாம் சேர்ந்து ஆன்லைனில் ஆடுகிற விளையாட்டு அது. ஆளுக்கொரு கப்பல். பாறைகள் மிதக்கிற வெளிக்குப் போய்த் தாது வெட்டி, அதை விற்றுக் கப்பலைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். எங்கள் குப்பத்தில் ஜெகதீஸ்வரனும் அவன் கூட்டாளி மாரியும் இன்னும் சில பையன்களும் ஒரு குழுவாக ஆடினார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணி ராக்கெட் விட வந்துவிட்டாள் என்று முதலில் சிரித்தார்கள். என் கப்பல் அவர்கள் கப்பல்களைவிடப் பெரிதானதும் சிரிப்பு நின்றுபோனது.

நல்ல தாது ஒரே ஒரு பாறையில்தான் கிடைத்தது. அதற்காக ஒருநாள் மாரி, ஜெகதீஸ்வரனின் கப்பலைச் சுட்டுவிட்டான். மறுநாள் படகுத்துறையில் இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகாயத்தில் நடந்த சண்டைக்கு இங்கே மாரியின் உதடு கிழிந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தேன்.

"இன்னாத்துக்குடா அடிச்சிக்கிறீங்க? ஏரில போடற மாதிரி பாடு போட்டுக்கோங்க" என்றேன்.

எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை விரித்தால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் சீட்டுக் குலுக்கிப்போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பேர் பாடு. அதே மாதிரி அந்தப் பாறைக்கும் சீட்டுப் போட்டோம். சண்டை அன்றோடு நின்றது. எந்தெந்த நாட்டுக்காரனோ வந்து, உங்கள் குழுவில் மட்டும் ஏன் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில்லை என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முறை வருகிற நாளில் விடிந்ததும் குழம்பை இறக்கிவைத்துவிடுவேன். வாழ்க்கையில் எனக்கென்று ஒரு முறை வந்தது அங்கே மட்டும்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

போன கோடையில் அந்தப் பாறைகளுக்குப் பின்னால் ஒரு கதவைக் கண்டுபிடித்தேன். இதுவரை யாரும் போகாத இடம். முதலில் உள்ளே போகிறவர் பார்ப்பதை அதற்குப்பின் வேறு யாரும் பார்க்க முடியாது, அவர் வெளியே வந்ததும் அது சாதாரணப் பாறைவெளியாகிவிடும் என்று விளையாட்டிலேயே எழுதியிருந்தது. அந்த இடத்துக்கு அவர் வைக்கிற பேர் உலகம் முழுக்க நிற்குமாம். ஆனால் கதவைத் திறக்க ஓர் ஆளால் முடியாது. குழுவே சேர்த்த தாதுவைக் கொட்டவேண்டும், மற்றவர்கள் வெளியே காவல் நிற்கவேண்டும், ஒரு கப்பல்தான் உள்ளே போகலாம். யார் போவது? சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கோ அந்தக் கதவுக்குள் போகவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். நான் டீ போட்டு எடுத்துவந்தேன். சீட்டுகளைச் சொம்பில் போடுமுன் ஜெகதீஸ்வரன் ஒவ்வொரு பேராகப் படித்தான். என் பேர் வரவில்லை. நடுவில் பூபதி என்று ஒரு பேர் வந்தது.

"என் சீட்டு எங்கடா?"

"அண்ணன் பேர்ல எழுதிட்டோம் அண்ணி" என்றான் ஜெகதீஸ்வரன். "இது பெரிய விஷயம், பேரெல்லாம் நிக்கப்போவுது. பாடுனா பாடு மாதிரிதான் போடணும். வூட்டு ஆம்பளதான் தலைக்கட்டு, அவன் பேர்லதான் சீட்டு. பொம்பளைக்கு ஏது பாடு?"

"உங்க அண்ணனுக்கு அந்தக் கப்பல நேரா நிறுத்தத் தெரியுமாடா?"

"ஓட்டறது நீதான அண்ணி. பேர்தான் அண்ணனோடது. வேற பேர் கீர் போட்டீனா குழுவிலேர்ந்தே தூக்கிடுவோம்" என்று சிரித்தான். மாரி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். தன் பேரைக் கேட்டதில் அவருக்கு வாயெல்லாம் பல்.

"யார் பேர்ல இருந்தா இன்னாமே? வூட்டுக்குத்தான வருது" என்றார்.

என் நைனா செத்தபோது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அம்மா பஞ்சாயத்தில் போய் நின்று, அவர் பாடு முறையை எங்களுக்கு விடுங்கள் என்று கேட்டாள். பொம்பளைக்கு ஏது பாடு என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். அதற்கப்புறம் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவித்தான் என்னை வளர்த்தாள். இதெல்லாம் தெரிந்த நான், யாருமில்லாத ஆகாயத்துக்கு அந்தப் பாடு முறையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

சொம்பைக் குலுக்கினார்கள். முதல் சீட்டே பூபதி.

கன்ட்ரோலரை அவர் மடியில் போட்டு, உன் பாடு, நீயே போய்யா என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு உள்ளே போகவேண்டும். அந்த ஆசைக்கு முன்னால் ரோஷம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் ஜெகதீஸ்வரனும் மாரியும் அவரவர் வீட்டிலிருந்து கப்பல்களைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். கூடத்தில் மேட்ச் ஆரம்பித்திருந்தது. "முடிஞ்சதும் கூப்புடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் டிவி முன்னால் படுத்துக்கொண்டார். நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டேன். வழி குறுகல், இரண்டு பக்கமும் பாறை, பிந்திப் பிந்தி வருகிற படம். ஒரு கீறல் படாமல் கொண்டுபோனேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

உள்ளே போனேன், பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. கூடத்தில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள்.

பேர் வைக்கச் சொல்லித் திரையில் கட்டம் வந்தது. "அண்ணி, அண்ணன் பேரு!" என்று ஒரு காதில் செருகியிருந்த இயர்போனில் ஜெகதீஸ்வரன் கத்தினான். முதலில் என் பேரை 'அமுத' வரைக்கும் அடித்தேன். அதை அழித்தேன். குழு இல்லாவிட்டால் எனக்கு முறையும் இல்லை, போவதற்கு ஓர் இடமும் இல்லை. பூபதி என்று பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் துறையில் அவருக்கு ராஜ மரியாதை. பையன்கள் போனில் பேரைக் காட்ட, பெரியவர்கள்கூட வந்து பார்த்தார்களாம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அமுதா, உள்ள இன்னா இருந்துச்சி? எல்லாரும் கேக்கறானுங்கோ."

"பாடு உன்னுது. போனவன் நீதானய்யா. உனக்குத் தெரியாதா?"

"மே, வெளாடாத. ஜெகா வாசல்ல நிக்கிறான்."

நான் மீன் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பாதிச் சோற்றில் கைகழுவிவிட்டு அவர் வாசலுக்குப் போனார்.

"நீலமா இருந்துச்சிடா" என்றார் தம்பியிடம். "எங்க பாத்தாலும் ஒரே நீலம். நம்ம கடலாட்டம்."

"அப்புடியாண்ணே!" என்றான் ஜெகதீஸ்வரன்.

அங்கே நீலமே கிடையாது.