முத்திரை கிழியாத பெட்டி

எங்கள் சந்தில் கணினி தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எப்போதோ பேட்டை அலுவலகத்து பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை வெளியே இழுத்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து மலாங் நகரத்தின் இந்த மூலையில் எந்த இயந்திரம் மூச்சை நிறுத்தினாலும் இந்த ஜர்வோவைத்தான் கூப்பிடுகிறார்கள். குளிர்பெட்டிக்குக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சூடாகப் பொரித்த சோயாத் தெம்பே கொடுப்பார்கள் என்றால் நான் எதற்கும் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக் கஸ்மாடி கூப்பிட்டார். பாக் என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’. பள்ளிக்கூடக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. எந்தப் பொருளும் தன் சொந்தத் தோலைக் காட்டக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். ரிமோட் பைக்குள் இருக்கும். சோபா கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையோடே இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் தொடை பின்தங்கிவிடும்.

மகள் வெனிங்குக்காக வாங்கிய கணினியும் அப்படியே. அதன் முதுகில், மூடியின் திருகுக்கு மேல், கடைக்காரன் ஒட்டிய உத்தரவாத முத்திரை. கிழிந்தால் உத்தரவாதம் போச்சு. எங்கள் ஊரில் அந்தத் துண்டுத்தாளுக்கு இருக்கும் மரியாதை கல்யாணப் பத்திரத்துக்குக் கிடையாது.

வெனிங் அதில் அசையும் படங்கள் செய்வாள். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பூனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். பூனை நன்றாகத்தான் இருந்தது. ஓடவிட்டால் மட்டும் விக்கல் வந்ததுபோல நின்று நின்று போகும். கடைசியில் படத்தை விட்டுவிட்டு, பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒப்பந்தம் முடியப்போகிறது, மறுபடி கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்றார் கஸ்மாடி. பெட்டி நன்றாக ஓடினால் அவள் திரும்பி வந்துவிடுவாள். அதற்குத்தான் நான்.

அவருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். ராம் என்கிற நினைவகப் பட்டை இரண்டு இருந்தாலும், தப்பான இடத்தில் செருகினால் இரண்டும் ஒரே பாதையில் முட்டிக்கொண்டு ஓடும், படம் தடுக்கும் என்று அதில் சொன்னார்களாம். நமது பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். கிளம்புவதற்கு முன் குளியலறையில் உட்கார்ந்து அதே வீடியோவைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பார்ப்பதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கி, நினைவகம் என்ற பக்கத்தைத் திறந்தேன். பாதை எத்தனை என்ற இடத்தில் ‘ஒற்றை’ என்று இருந்தது.

“தொறக்காம சரி பண்ண முடியாதா தம்பி?”

“தொறக்காமன்னா ஓதி ஊதித்தான் பாக்கணும், பாக்.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், வெனிங் விட்டுப்போன முடி உலர்த்தியை எடுத்து வந்தார். முத்திரைக்குச் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கொப்புளத்தின் தோலை உரிப்பதுபோல உரித்தார். முழுசாக வந்தது. அதில் உத்தரவாதம் முடியும் தேதி அச்சாகியிருந்தது. வெனிங் பாத்தாமுக்குக் கிளம்புவதற்கு வெகுநாள் முன்பே முடிந்துபோன தேதி. இரண்டு பேரும் படித்தோம். வாய்விட்டு யாரும் படிக்கவில்லை.

உள்ளே நான்கு குழிகள். ஒன்றுவிட்டு ஒன்றில் உட்கார வேண்டிய பட்டைகள், பேருந்தில் இடம் பிடித்த சிநேகிதிகள்போலப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றைப் பிடுங்கி ஒரு குழி தள்ளிச் செருகினேன். ‘டக்’ என்றது. வேலை அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

மறுபடி பார்த்தபோது ‘இரட்டை’ என்று காட்டியது. பூனையை ஓடவிட்டோம். விக்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. கஸ்மாடி உடனே மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். தொழிற்சாலை விடுதியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனைத் திரைக்கு நேரே பிடித்தார்.

“பாரும்மா, ஓடுது. ஜர்வோ சரி பண்ணிட்டான். நீ கையெழுத்துப் போடாத, வந்துடு.”

அவள் கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்தாள். “அழகா ஓடுதுப்பா.”

“பட்டை இடம் மாறி இருந்துச்சாம். கடைக்காரன் பண்ணின வேலை.”

“தெரியும்ப்பா.”

கஸ்மாடியின் கை தாழ்ந்தது. இப்போது அவளுக்கு மேசைக்கால்தான் தெரிந்திருக்கும்.

“வாங்கின புதுசுலயே பாத்தேன், ஒத்தைன்னுதான் காட்டுச்சு. தொறக்கட்டுமான்னு கேட்டேன். முத்திரை கிழிஞ்சிரும்னு சொன்னீங்க.”

“இன்னொரு தடவ கேட்டிருக்கலாமேம்மா.”

“நீங்க அதை தினம் துணி வச்சுத் துடைப்பீங்க. பாத்துட்டு எப்படிப்பா கேக்கறது?”

கையெழுத்தை வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டாளாம். பெருநாளுக்கு வருவாளாம். பூனைக்கு வால் போட மறந்திருக்கிறேன் பாருங்கள் என்று சிரித்தாள். வந்து போடுகிறேன் என்று சொல்லவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது கோமாளித்தனம் செய்வதுதான் என் வழக்கம். தட்டிலிருந்த தெம்பேயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், பேசாமல் இருக்க ஒரு சாக்கு.

மூடியைத் திருகப் போனபோது, முத்திரையைத் திரும்ப ஒட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது அவர் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார், போகவில்லை.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். பெட்டி இன்னும் இரட்டையில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். செருகிய பட்டை தானாக எழுந்து நடந்து பழைய இடத்துக்குப் போகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

“ரெட்டைதான், பாக்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

தலையாட்டினார். வாலில்லாத பூனையை ஓடவிட்டுவிட்டு, எனக்குத் தேநீர் வைக்க உள்ளே போனார்.