மூன்று நாள் விடுப்பு

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள் அக்கா. சீப்பு, தேய்ந்த சோப்பு, இரண்டு சட்டை, கட்டுக்கட்டாகக் காகிதம் எல்லாம் கட்டிலில் விழுந்தன. தம்பியின் அடையாள அட்டை மட்டும் விழவில்லை. நாலு மணிக்கு வண்டி வரும். அட்டையின் எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துப்போவார்களாம். எந்த வரிசையிலும் பொறுமையாக நின்றறியாதவன், கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்து ஒரு எண்ணுக்காகக் காத்துக் கிடந்தான்.

காகிதக் கட்டைப் பிரித்தாள். எட்டு ரெக்கார்டு நோட்டுகள். எட்டிலும் எழுதியிருந்தது தம்பிதான், மேலுறைகளில் இருந்தவை வேறு எட்டுப் பேரின் பெயர்கள். ஒன்றில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொன்றில் உருண்டையாக இருந்தது. ஆளுக்குத் தக்கபடி கையெழுத்தை மாற்றிப் போடுவான். அவளுக்கு மட்டும் எல்லாவற்றிலும் அவன் கை தெரிந்தது.

வாசலில் அவனுடைய அறைத்தோழன் நின்றான். நெட்டை என்றுதான் தம்பி அவனைச் சொல்வான். விடுதியிலிருந்து பையைக் கொண்டுவந்ததும் அவன்தான்.

"அது ஜூனியர் பசங்களோடதுக்கா. செவ்வாக்கிழமை சப்மிட் பண்ணணும்." கட்டிலருகே வந்தான். "எடுத்துக்கலாமா?"

"முடிச்சிட்டானா பாரு."

புரட்டிப் பார்த்தான். "ரெண்டுல கடைசிப் படம் மட்டும் பாக்கி."

"அப்போ அவனைத்தான் எழுப்பிக் கேக்கணும்" என்றாள். நெட்டை நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்தான்.

பல்கலைக்கழகத்தில் அவனுக்கு ரைட்டர் என்று பெயர். சேர்ந்தது மண் ஆய்வு செய்ய, செய்தது ஊருக்கெல்லாம் எழுதுகிற வேலை. கட்டுரை, கருத்தரங்கத் தாள், உதவித்தொகை மனு, வார்டனுக்கு மன்னிப்புக் கடிதம், எது கேட்டாலும் எழுதினான். ஒருத்தனுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தான்; அதை வாங்கிய பெண் அவனிடமே வந்து, மனம் நோகாமல் மறுத்து எழுதித் தரச் சொன்னாள். அதையும் எழுதினான்.

ஆனால் அவன் கொடி பறந்தது விடுப்புக் கடிதத்தில்தான். அவன் எழுதிக் கொடுத்து விடுப்பு கிடைக்காதவர் கிடையாது. எத்தனையோ பேருடைய தாத்தாக்களை ஈவிரக்கமில்லாமல் கொன்றிருக்கிறான். அவனுக்கு வியாதி சப்ளை செய்தது அக்கா. அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். எழுதிய நகலை அவள் ஃபோனுக்கு அனுப்புவான், அவள் திருத்தி அனுப்புவாள். 'மஞ்சள் காமாலைக்கு மூணு நாள் பத்தாதுடா, பதினைஞ்சு கேளு.' கடையில் கூட்டம் மொய்க்கிற நேரத்திலும் அவளைச் சிரிக்க வைத்தவை அந்தக் கடிதங்கள்தான்.

அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூணு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று சொன்னதிலிருந்து அம்மாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் உயிர் போன பிறகும் அதையே கேட்டாள்.

"உடம்பு முடியலன்னா வீட்டுக்கு வரமாட்டானா? உனக்குக்கூடவா ஒரு வரி எழுதல?"

"இல்லம்மா" என்றாள் அக்கா. "என் ஃபோன்தான் கெட்டுப் போச்சே."

"நீயாவது கூட இருந்திருக்கக் கூடாதாப்பா?" என்று அம்மா நெட்டையைக் கேட்டாள்.

"புதன்கிழமை ராத்திரிதான் நான் ஊர்லேர்ந்து வந்தேம்மா. தாத்தா செத்துட்டார்னு லீவு. அவன் எழுதிக் குடுத்ததுதான்." நெட்டை அம்மாவின் காலருகே உட்கார்ந்தான். "தாத்தா நல்லாத்தான் இருக்கார். மறுநாள் காலையில பார்த்தா இவன் பேச்சு மூச்சில்லாம கெடக்கான்."

அந்த மூன்று நாட்களைத் தின்றவர் யார் என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு ஆள் வேண்டும். சட்டையைப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், பிறகு அழுதுகொள்ளலாம் என்றிருந்தாள்.

நெட்டை சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். துறை சார்பாக வாசிக்கப்போகும் இரங்கல் உரை. "தப்பா இருந்தா சொல்லுங்கக்கா."

படித்தாள். 'அவரது அயராத உழைப்பும் அனைவரிடமும் காட்டிய தந்தையினும் மேலான பரிவும்' என்றிருந்தது. தம்பிக்கு இருபத்து நாலு வயது.

"இது அவன் எழுதினதாச்சே. போன வருஷம் உங்க நூலகர் செத்தப்ப."

"எங்களுக்கு எழுத வரலக்கா. எப்பவும் அவன்தானே எழுதுவான். பேரையும் வருஷத்தையும் மட்டும் மாத்தினோம்."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டிலில் மிச்சமிருந்தது தடிமனான ஒரு மண் ஆய்வு அறிக்கை. முகப்பில் பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே அடையாளத்துக்கு ஏதோ செருகியிருந்ததால் தானாகவே அந்தப் பக்கம் விரிந்தது. தேடிய அட்டைதான். அதோடு நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தது.

திங்கட்கிழமைத் தேதி. தம்பியின் சொந்தக் கையெழுத்து, சொந்தப் பெயர்.

'ஐயா, காலையிலிருந்து காய்ச்சல். தலை வெடிக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்து குனியவில்லை. வீட்டுக்குப் போக மூன்று நாள் விடுப்பு வேண்டும்.'

குறுக்கே சிவப்பு மையில், 'கதை நன்று. அறிக்கையை முடித்துவிட்டுப் போகவும்.'

ஆள் கிடைத்துவிட்டது. அம்மா எதுவும் கேட்பதற்குள் அக்கா வெளியே போனாள்.

பேராசிரியர் வாசலில், மதில் நிழலில் மலர்வளையத்தோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க எழுத்துதானே?"

வாங்கிப் பார்த்தார். தாளைக் கண்ணருகே கொண்டுபோய் அவர் இரண்டு முறை படித்ததை அவள் திருப்தியோடு பார்த்தாள்.

"ஆமாம்மா."

"சாகப்போறவன் எழுதிக் குடுத்தா மார்க் போடுவீங்களா?"

"நான் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர்ல பாதி அவன் எழுதினதும்மா. தெரிஞ்சேதான் போட்டேன், அவ்வளவு நல்லா எழுதுவான். யாருக்கோ எழுதினதைத் தன் பேருல குடுத்துப் பார்க்கறான்னு நினைச்சேன். படிச்சிட்டுச் சிரிச்சேன்." கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. "அவனும் சிரிச்சான்மா. அவன் சிரிக்காம இருந்திருந்தா..."

நாலு கேள்வியில் மிச்சம் மூன்று இருந்தது. அவர் கையிலிருந்த கடிதத்தைப் பறித்துக்கொண்டு, விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் அவளுடைய ஃபோன் இருந்தது. வியாழக்கிழமை டாக்டர் சொன்ன நிமிடத்தில் அணைத்தது. கெட்டுப்போனது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இப்போது உயிர்ப்பித்தாள்.

திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து.

'அக்கா, காலைலேர்ந்து காய்ச்சல். தலை வெடிக்குது. வெளிச்சம் பார்க்க முடியல. கழுத்து குனியல.'

கீழே அவளுடைய பதில். 'பிரமாதம்டா! மூளைக்காய்ச்சல் அப்படியே வந்திருக்கு. ரெண்டு வாரம் கேளு, கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பாங்க.'

அதற்கும் கீழே, ஆறு நிமிடம் கழித்து. 'சரிக்கா.'

அவ்வளவுதான். நம்பாதவர்களிடம் இன்னொரு முறை சொல்லத் தெரியாத பையன். ஊராருக்காகப் பக்கம் பக்கமாகக் கெஞ்சியவன், தனக்கென்று வந்தபோது நாலு வரியோடு நிறுத்திக்கொண்டான். அவள் சொன்ன இரண்டு வாரத்தைக்கூட அவன் கேட்கவில்லை.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் படிவத்தை நீட்டினார். கூடத்து மேசையில் வைத்து எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, அட்டை எண். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

'நோயுற்றிருந்த நாட்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி. வந்தவர்களிடமெல்லாம் சொன்ன கணக்கு அதுதான். 'மூன்று' என்று எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு மேலே 'ஆறு' என்று எழுதினாள்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஆறா?" என்றாள். பிறகு மகளுடைய முகத்தைப் பார்த்தாள்.

வண்டிக்காரர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேசையில் வைத்தார். அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்மா. யார் பண்ணினதுன்னு கேப்பாங்க."

அக்கா பேனாவை மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.