இருபதாவது பால்மரம்

எண்பத்து மூன்றாம் வருஷம், கண்ணுகளா, பள்ளி விடுமுறையில் சுங்காய் ஊர்ப் பக்கத்து வனவிலங்குக் காப்பகத்துக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர் பழனியப்பன், ஒன்பது வயது மகள் நவமணி, பக்கத்து வீட்டு இளையதம்பி மாஸ்டர்.

மாஸ்டர் இங்கிலாந்தில் படித்தவர். அங்கே கற்ற விளையாட்டு ஒன்றை எங்களுக்குக் காட்டத் துடித்தார். பிஸ்கட் டின்னில் ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும் வைத்து முந்தின வாரமே காப்பகத்தில் ஒளித்துவிட்டார். கண்டுபிடிப்பவர் நோட்டில் முத்திரை குத்திப் பெயர் எழுத வேண்டும். சீட்டில் குறிப்பு: ‘வெள்ளைக் கல்லிலிருந்து பால்மரங்களை எண்ணு. இருபதாவது மரத்தடியில் பார்.’

காப்பகத்து ஓரத்தில் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள், பால் சீவ ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. நவமணி சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

“மெதுவா போ லா!” என்றார் என் வீட்டுக்காரர்.

“விடுங்கோ பழனியப்பன், பிள்ளை கெட்டிக்காரி” என்று மாஸ்டர் சிரித்தார்.

கால் மணி நேரமாகியும் அவள் குரல் இல்லை, என் கண்ணுகளா. எண்ணிக்கொண்டே போனோம். பன்னிரண்டாவது மரத்தோடு நிரை முடிந்து ஒரு கால்வாய் குறுக்கிட்டது. பலகைப் பாலம் தாண்டி இன்னும் எட்டு. சருகுக்கடியில் டின் இருந்தது. அவர் நோட்டைப் புரட்டினார். வெறும் தாள்.

“மாஸ்டர், பிள்ளை இங்க வரவே இல்லையே!”

“நேராத்தானே போவாள் எண்டு நினைச்சு எழுதினனான்...” என்று மாஸ்டர் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பாலம் தாண்டித் திரும்பி வந்தால், கால்வாய்க் கரையில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. ஈரத்தில் சின்னச் சின்னக் குளம்புத் தடங்கள். என் வீட்டுக்காரர் நவமணியைக் கூப்பிட வாயைத் திறந்தார். நான் கையால் பொத்தினேன்.

“கத்தாதீங்க. குட்டிப் பன்னி தடம். தாயும் இங்கதான் இருக்கும். சத்தம் கேட்டா பாயும்.”

“பின்ன எப்படித் தேடுறது ராக்காயி?”

அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் நான் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்தில் என் பின்னாலேயே நடந்து எண்ணப் பழகியவள் நவமணி. வெட்டுக்காரி கால்வாயைத் தாண்ட மாட்டாள். நிரை முடிந்தால் சோற்றுக்கைப் பக்கம் திரும்பி, அடுத்த நிரையில் வந்த பக்கமாகவே எண்ணி வருவாள்.

அவர்களை நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். பதின்மூன்று, பதினான்கு... பத்தொன்பதில் நின்றேன்.

அடுத்த மரத்தைக் கட்டிக்கொண்டு நவமணி நின்றாள். நாலு எட்டு தள்ளி தாய்ப்பன்றி, பிடரி மயிர் விறைத்து. நவமணிக்குப் பின்னால் குட்டிகள் வேரைக் கிளறிக்கொண்டிருந்தன. பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டாள்.

உள்ளங்கையை விரித்து ‘அசையாதே’ என்று காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பன்றி உறுமி ஓர் அடி வைத்தது. பிறகு ஒரு குட்டி கீச்சென்று கத்தி, பிள்ளையின் காலை உரசிக்கொண்டு தாயிடம் ஓடியது. மற்றவை அதன் பின்னால். தாய் அவற்றை முகர்ந்து பார்த்தது, திரும்பியது, புதருக்குள் போய்விட்டது.

ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன்.

“அம்மா, டின்னு இங்க இல்ல. நான் தப்பா எண்ணிட்டேனா?”

“இல்லடி தங்கம்” என்றேன். “நீ சரியாத்தான் எண்ணினே.”

கீழே இறக்கிவிடச் சொன்னாள். கார் வரைக்கும் நான் இறக்கவே இல்லை.