தானாகச் சுருங்கும் கதவுகள்

...அப்படியானால் கோளாறு ஃபைலில்தான், வேறெங்கே இருக்க முடியும், நேற்று மாலை புது வீட்டுப் படத்தில் மூன்றடி அகலம் வைத்த கதவு இன்று இரண்டரை அடியாக நிற்கிறது, ஒன்றுகூட மிச்சமில்லை, படுக்கையறை, குளியலறை, சமையலறை, மூன்றும், கதவென்ன நனைந்த பருத்தித் துணியா தானாகச் சுருங்குவதற்கு, என்று நினைத்துக்கொண்டே அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க இதே கதைதான். அகலப்படுத்திச் சேமிப்பாள், மறுநாள் திறந்தால் பழையபடி. எத்தனை பேருக்கு எத்தனை சொல்லியிருக்கிறாள்... தரைக்கு நிறம் ஏறவில்லையா, சுவர்கள் ஏதோ ஒரு மூலையில் முட்டாமல் நிற்கின்றன, பெரிதாக்கிப் பாருங்கள், மயிரிழை இடைவெளி இருக்கும். மாடி காணாமல் போய்விட்டதா, எங்கும் போகவில்லை, மறைந்திருக்கிறது, ஓரத்திலிருக்கும் கண் படத்தை அழுத்துங்கள். சுவரை அழித்தால் அதிலிருந்த ஜன்னலும் கூடவே போகும், பதறாமல் ஒருபடி பின்னால் வாருங்கள். வீட்டுப் படம் வரையும் மென்பொருளின் உதவி மையத்தில் உட்கார்ந்து ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் நிமிர்த்துகிறவளுக்குத் தன் வீட்டுக் கதவு மூன்றைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. சாயங்காலத்துக்குள் தச்சருக்கு அளவு சொல்லியாக வேண்டும். நிலைக்கு மரம் அறுக்கப் போகிறார். "அறுத்துட்டா அறுத்ததுதான் மேடம், அப்புறம் ஒட்டவெச்சுத் தாங்கன்னு என்கிட்ட வராதீங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டரை அடி நிலைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. அவ்வளவுதான் விஷயம். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் குளியலறை வாசலில் நாற்காலியை விட்டுவிட்டு, நிலையை இரண்டு கையாலும் பற்றி, அவள் கணவன் தன்னைத்தானே ஒரு மூட்டையைப் போல உள்ளே இழுத்துக்கொள்கிறான், அவள் துண்டுடன் பின்னால் நின்று சுவரில் எதையோ தேடுகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இனி புது வீட்டிலும் அப்படியா?

பச்சை விளக்கு எரிந்தது. எதிர்முனையில் ஒரு பல் மருத்துவர், எடுத்த எடுப்பிலேயே, ஏம்மா, உங்க சாஃப்ட்வேருக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா, நான் சோபாவ டிவிக்கு எதிர்ல போடறேன், காலைல பார்த்தா அது ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருக்கு, என்றார். அவள் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னுடைய கோளாறேதான். ஒருவேளை புதிதாக வந்த அப்டேட்டில் ஏதாவது... அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், எல்லோருக்கும் வருகிற நோய் என்றால் தனக்கு வந்தது நோயே இல்லை. பொறுமையாக ஆரம்பித்தாள். சேமிச்ச பிறகு மூடறீங்களா சார், இல்ல அப்படியே கம்ப்யூட்டரை அணைச்சுடறீங்களா? மூடறேம்மா, பல்லுன்னா மட்டும்தான் பாதில விடுவேன். ஒரே அக்கவுன்ட் ரெண்டு கம்ப்யூட்டர்ல இருக்கா? பழைய காப்பி புதுசு மேல ஏறி உட்கார்ந்துடும். இல்ல, ஒண்ணுதான், ஹால்ல இருக்கு. சரி சார், என்று மூச்சு விட்டு, ஆயிரம் பேரிடம் கேட்ட அடுத்த கேள்வியை, நாக்கு தானாகவே கேட்கிற கேள்வியை, கேட்டாள். "உங்க வீட்ல வேற யாராவது இந்த ஃபைலைத் திறக்கறாங்களா?"

யார் திறக்கப் போறா, என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். பிறகு, போனைப் பொத்தாமலே, "அத்தை! நீங்களா சோபாவ நகர்த்தறீங்க?" என்று கத்தினார். தூரத்திலிருந்து ஓர் அம்மாளின் குரல், கொஞ்சமும் அசராமல், "ஆமா, நான்தான். ஜன்னலோரம் போட்டா வெளிச்சத்துல உட்கார்ந்து எதையாவது படிப்பேன். டிவிக்கு எதிர்ல போட்டு நான் என்ன பண்ண?" என்றது. "அதை என்கிட்ட வாயத் திறந்து சொல்லலாம்ல?" "நீங்க கேட்டீங்களா மாப்பிள்ளை? வாயத் தெறங்க வாயத் தெறங்கன்னு ஊர்ல இருக்கறவங்களைத்தான் கேட்பீங்க." மருத்துவர் சிரித்துவிட்டார், சரிம்மா, பேய் கிடைச்சிருச்சு, நீ வெச்சுடு, என்றார். அவளும் சிரித்து, வழக்கமாகச் சொல்லும் நன்றியைச் சொல்லி வைத்தாள்.

அந்தக் கேள்வியை ஏன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டாள், அழித்து மறுபடி நிறுவினாள், மென்பொருளின் மாதிரி நூலகத்திலிருக்கும் கதவுக்கே அகலம் இரண்டரை என்பதால் அதற்குத் திரும்புகிறதோ என்று அந்தக் கதவையே மாற்றிப் பார்த்தாள், பக்கத்து இருக்கைக்காரியிடம்கூட, ஏய், இந்தக் கூத்தைப் பாரேன், என்று காட்டினாள். வீட்டில் மடிக்கணினி இருக்கிறது, அதில் இதே அக்கவுன்ட் இருக்கிறது, அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகு ஒரு முழு நாள் அவனுக்கு இருக்கிறது, இதிலே கண்டுபிடிக்க என்ன இருந்தது? தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்ததா... மேடைகளுக்கு விளக்குக் கட்டுகிறவன், ஏணியின் உச்சியில் நின்று ஒரு கையால் விளக்கைத் திருப்பிக்கொண்டே கீழே இருப்பவர்களோடு வம்பளப்பவன், அந்த ஏணி சரிந்த பிறகு, மறுபடி நடப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன ஒரே வார்த்தை, பார்க்கலாம். அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை அவர்கள் இருவரும் ஒரு கண்ணாடிக் குடுவையைப் போல வீட்டுக்குள் சுமந்துகொண்டிருக்கிறார்கள், யாரும் கீழே வைப்பதில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. மூன்றடி என்று அவள் ஒவ்வொரு முறை வைத்தபோதும் அவன் காதில் என்ன விழுந்திருக்கும்? நீ எழுந்திருக்க மாட்டாய் என்றா? அதையும் அவளே, அவள் கையாலேயே, மூன்று வாசலிலும்.

அடுத்த அழைப்பு வராமலிருக்க இடைவேளைப் பொத்தானை அழுத்திவிட்டு, ஃபைலைத் திறந்து, நடந்து பார்க்கும் காட்சிக்குள் போனாள். வீட்டுக்குள் உலாவுவதுபோல் காட்டும் காட்சி, கடைசியாக உலாவியவர் வைத்த கண் உயரத்திலேயே திறக்கும். அவள் எப்போதும் அதைத் தாண்டிப் போய்விடுவாள், இன்று ஓரத்திலிருந்த எண்ணைப் படித்தாள். ஐந்தடி ஏழங்குலம். யாரும் தொடாவிட்டால் ஐந்தடி மூன்றங்குலத்தில் நிற்க வேண்டியது. ஐந்தடி ஏழு... தோளோடு தோள் நின்றால் அவன் கண் இருக்கும் இடம், அண்ணாந்து பார்த்துப் பேசிப் பேசி அவள் கழுத்தே அந்த அளவை நினைவில் வைத்திருந்தது. தரையில் மெல்லிய நீலக் கோடு, அவன் போன வழி. படுக்கையறையிலிருந்து பால்கனிக்கு, திரும்பச் சமையலறைக்கு, அங்கிருந்து மறுபடி பால்கனிக்கு, ஒரு காரணமுமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் வீட்டுக்குள் சும்மா நடப்பார்களே, அப்படி. இரண்டரை அடி வாசல்களுக்குள் எங்கேயும் இடிக்காமல் அந்தக் கோடு போய்வந்தது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. படத்தில் நடந்துவிட்டால் ஆயிற்றா, நாளைக்கு நிஜக் கதவு நிலையில் உரசி விரல் உரியும்போது யார் மருந்து போடுவது? நீ இப்போது பார்க்கும் உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன், நீயே பார், என்று எண்ணை அழித்து மூன்றே முக்கால் அடி என்று தட்டினாள். நாற்காலியில் இருக்கும் அவன் கண் உயரம்.

வீடு சட்டென்று மேலே போயிற்று. சமையல் மேடையின் விளிம்பு முகத்துக்குக் கிட்டே வந்தது, அதற்கப்பால் இருந்த ஜன்னலின் கொண்டி உயரப் போய்விட்டது. மேல் அலமாரிகளின் அடிப்பலகை தெரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் எதிர்ச்சுவரின் மேற்பகுதிதான் விழுந்தது. துணி மாட்டும் கம்பி எட்டாத தூரத்தில், பால்கனியின் கைப்பிடிச் சுவர் ஆகாயத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. யார் வைத்தது இதையெல்லாம்? அவன் கதவைத் தவிர எதையும் தொட்டிருக்கவில்லை. மேடை, அலமாரி, கம்பி, கண்ணாடி, எல்லாம் அவள் வரைந்தவை, வாரக்கணக்காக, ஆசை ஆசையாக. வாசல் வரைக்கும் நாற்காலியை நினைத்திருக்கிறாள், வாசலைத் தாண்டியதும் அவள் மனதில் அவன் எழுந்து நின்றிருக்கிறான், எட்டி டப்பாவை எடுத்திருக்கிறான், கண்ணாடி முன் நின்று தலை வாரியிருக்கிறான். அப்படியானால் அவன் செய்ததற்கும் அவள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்... அவனாவது நடந்து பார்த்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. தச்சர். "மேடம், ரம்பம் கையில இருக்கு. மூணா, ரெண்டரையா?"

"மூணு" என்றாள். இவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று அவளே நினைக்கவில்லை. குளியலறை வாசலும் அவன் விரல்களும் தவிர வேறெதுவும் அந்த நொடியில் மனதில் இல்லை.

"மூணு. நல்லதாப் போச்சு. அப்படியே இன்னொண்ணு, அலமாரிக் கம்பியும் மேடைப் பலகையும் படத்துல இருக்கற உயரத்துலயே விட்டுடலாமா? இல்ல, சாருக்கு எட்டற மாதிரி இறக்கணுமா?"

எட்டும், எட்டாது, இரண்டு பதிலும் நாக்கில் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டன. திரையில் மேடையின் விளிம்பு இன்னும் முகத்துக்குக் கிட்டேயே நின்றது. "அவர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். "கேட்டுச் சொல்லுங்க, அது நாளைக்குக்கூடப் போதும்" என்று அவர் வைத்துவிட்டார். இடைவேளை முடிந்து பச்சை விளக்கு மறுபடி மினுக்கத் தொடங்கியது, யாருடைய கூரையோ சாய்ந்திருக்கும், யாருடைய படிக்கட்டோ சுவருக்குள் போயிருக்கும். கேட்டுச் சொல்றேன் என்று எவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது வாயில்... இன்று போய், செருப்பைக் கழற்றி, அவன் எதிரில் உட்கார்ந்து, எதைக் கேட்பது? கம்பி எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்றா, அப்படிக் கேட்டால் அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான், உனக்கு எப்படித் தோணுது, நான் எழுந்து நிப்பேனா என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டால்... இத்தனை நாளில் அவன் அவளை ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை, ஏன் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிகிறாற்போல் இருந்தது.