ஐந்தரை மதிப்பெண்

நாற்பத்தெட்டு நோட்டு. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் டீச்சர் நோட்டுக் கட்டை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன் மினுக்கியது. தலைமையாசிரியை.

"மார்க் லிஸ்ட் இன்னைக்கு சாயங்காலம் வேணும் டீச்சர்."

"திங்கக்கிழமைன்னு சொன்னீங்களே மேடம்?"

"நீங்கதான் இது வேலை இல்ல, ஊழியம்னு சொல்வீங்க. ஊழியத்துக்கு ஏதும்மா சனிக்கிழமை?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் ஞாயிறு, ஆலயத்தில் முழங்காலில் நின்று அவள் சொன்னது உண்மைதான். இந்தப் பிள்ளைகளை உமக்காக வளர்ப்பேன் என்றாள். நாற்பத்தெட்டுப் பேருக்கும் நோட்டு உண்டு, தலைக்கு இரண்டு பக்கம் உண்டு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பேருந்து ஓட்டிவிட்டுக் காலை ஷிப்ட் முடித்து வந்த கணவர் சோபாவில் கால் நீட்டினார்.

"டீச்சரம்மா, நம்ம ரேடியோ ஏன் இன்னைக்கும் ஆஃப்ல இருக்கு?"

ரேடியோ என்பது மகள். ஆறாம் வகுப்பு. பல் தேய்க்கும்போதும் நுரையோடு பேசுகிறவள் என்பதால் அப்பா வைத்த பேர். மூன்று வாரமாக அந்த ரேடியோ பாடவில்லை. குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால், "மனசுக்குள்ள பண்ணிட்டேன்" என்று எழுந்து போய்விடுவாள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீதானே அன்னைக்கு அவள பாதி ஜெபத்துல நிறுத்தின? முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும், எத்தன தடவ சொல்றதுன்னு? நான் பஸ் ஓட்டிட்டு வந்து வீட்டுல உங்கள ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்றேனா?"

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க. எல்லாம் நானே பாக்கணும், பாத்தாலும் குத்தம்."

"சரி தாயே" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எரிச்சலோடு எடுத்த சிவப்புப் பேனா வேகமாகத்தான் ஓடும். 'உனக்குப் பிடித்தவருக்குக் கடிதம்' என்பது தலைப்பு. ஒருத்தன் தன் நாய்க்கு எழுதியிருந்தான். மூன்று பேர் டீச்சரைக் குளிர வைக்க இயேசுவுக்கே எழுதியிருந்தார்கள். முப்பது தாண்டினால் எல்லாக் கையெழுத்தும் ஒரே கையெழுத்து. கண் படிப்பதை நிறுத்திவிடும், கை மட்டும் திருத்திக்கொண்டே போகும்.

நாற்பத்தொன்றாவது நோட்டு. அனுப்புநர் முகவரி எங்கே? வட்டம். தேதி இல்லை. வட்டம். பேச்சு வழக்கு வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு வரி. நன்றி கூறி முடிக்கவில்லை. ஐந்தரை. பட்டியலில் ஏற்றப் பேர் வேண்டுமே என்று அட்டையைத் திருப்பினாள். பேர் இல்லை. உள்ளே ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர். அவளே வாங்கிக் கொடுத்தது.

காலையில் மகள் இதே மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். துணி காயப்போட மாடிக்கு விரட்டியது இவள்தான். கட்டை இறக்கியபோது அந்த நோட்டும் அதோடு சேர்ந்திருக்கிறது.

இப்போதுதான் படித்தாள்.

'அன்புள்ள இயேசப்பாவுக்கு. நான் நல்லா இருக்கேன். எங்க அம்மா கிளாஸ்ல நாப்பத்தெட்டு பேர். அவங்க தப்பு பண்ணினா அம்மா மறுபடி சொல்லித் தராங்க. நான் தப்பா ஜெபம் பண்ணினா பெருமூச்சு விடறாங்க. அதனால உங்களுக்கு எழுதறேன். என்னையும் அந்தக் கிளாஸ்ல சேத்துக்கச் சொல்லுங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்.'

'கடைசி பெஞ்சு' என்ற இடத்தில் ஒரு வட்டம்.

வெள்ளை மை இருக்கிறதா என்று இழுப்பறையைக் கிளறினாள். காய்ந்து போன புட்டி. பக்கத்தைக் கிழித்துவிடலாமா? பைக்குள் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடலாமா?

"அம்மா, என் நோட்டு பாத்தியா? பிரவுன் அட்டை?"

கையில் காய்ந்த துணிகளோடு வாசலில் மகள்.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"இங்க இருக்கு."

ரேடியோ துணியைப் போட்டுவிட்டு வந்து பிரித்தாள். சிவப்பைப் பார்த்தாள்.

"படிச்சியா?"

"திருத்திட்டேன்டி. கட்டுல கலந்திருச்சு, தெரியாம..."

"படிச்சியான்னு கேட்டேன்."

"திருத்தினதுக்கு அப்புறந்தான் படிச்சேன்."

"அஞ்சரையா? அந்த அரை எதுக்கு?"

"கையெழுத்துக்கு."

உள் அறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சோபாவிலிருந்து கணவர் கண் திறவாமலே, "என்னாச்சு?" என்றார்.

"சும்மா படுங்க. நான் ஒரு கூறுகெட்டவ."

சாயங்காலம் ஆறரைக்கு மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். மகள் வந்ததே பெரிசு. முகம் மட்டும் சுவர்ப்பக்கம். கணவர் வேதத்தை வாசித்து மூடினார். டீச்சர் தொடங்கினாள். துதி, ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, விண்ணப்பம் என்று வரிசை பிசகாமல் ஜெபிக்கிறவள் அவள். இன்று முதல் படியே வரவில்லை.

"ஆண்டவரே... எனக்கு முடியல. நாப்பத்தெட்டு பேர்கிட்ட பொறுமைய பூரா அள்ளிக் குடுத்துட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வரேன். எம்புள்ள கடைசி பெஞ்சு போதும்னு கேக்குது. எரிச்சலா வருது. எம்மேல. உங்க மேலயுந்தான். இதுக்கா கூப்பிட்டீங்க?"

கணவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அம்மா." சுவர்ப்பக்கமிருந்து சின்னக் குரல். "நீ ஸ்தோத்திரம் சொல்லல."

"இன்னைக்கு வரலடி."

மகள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"பரவால்ல. நான் பண்றேன். இயேசப்பா, அப்பா பஸ்ஸோட பிரேக் நல்லா இருக்கணும். மாடி வீட்டுப் பூனை குட்டி போட எடம் கெடைக்கணும், நம்ம பீரோ மேல வேண்டாம். தலைமையாசிரியை மேடத்துக்கு நல்லா தூக்கம் வரணும், போனை எடுக்கவே கூடாது. அம்மா நோட்டு கொறையணும். அப்புறம் அந்தக் கடுதாசிய நீங்க திருத்தாம படிங்க. ஆமென்."

துதி இல்லை, நன்றி இல்லை, வரிசை இல்லை. டீச்சரின் நாக்கு பழக்கதோஷத்தில் துறுதுறுத்தது. பல்லால் பிடித்துக்கொண்டாள். "ஆமென்" என்றாள்.

போன் மறுபடி மினுக்கியது. லிஸ்ட் எங்கே என்றுதான் இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் எட்டு நோட்டு பாக்கி. மேசைக்கு வந்து அடுத்ததைப் பிரித்தாள். பேனா மூடி போட்டபடியே கிடந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள், படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒருத்தி பல் டாக்டருக்கு எழுதியிருக்கா. என் பல்லை எடுத்ததுக்கு உங்களை மன்னிச்சிட்டேன், ஆனா பல்லைத் திருப்பிக் குடுங்கங்கறா."

ரேடியோ நாற்காலியைத் தரையில் உரசி இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள்.

"எங்க, முழுசா படி."