வற்றத்தின் பெயர் விட்டுப்போன பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையில் வற்றத்தின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். அதனால் கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தை விட்டுக் கடல் இறங்கவில்லை.

கடல் ஏற்றத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அவர் விடியும்போதே வந்துவிட்டார். பௌர்ணமி என்பதால் குடும்பத்தோடு வந்திருந்தார். மண்டபம் முழுக்க முழங்காலளவு பரவி, காபி கேட்டார். அவருடைய பிள்ளைகளான அலைகள் மணவறை வரை ஓடுவதும் கோலத்தை அழிப்பதுமாக இருந்தன. அவர் ஒரு வார்த்தை அதட்ட வேண்டுமே? பெற்றவர்கள் எங்கும் அப்படித்தான். வந்த தண்ணீரைத் திரும்ப அழைத்துப் போவது அவருடைய தம்பி வற்றத்தின் வேலை. தம்பி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன், ரோட்டில் தண்ணீர் வடியட்டும் என்று பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

பெண்ணின் அம்மா தையல்நாயகி கடிகாரத்தைப் பார்த்தாள். ஊர் முறைப்படி வற்றம் அவளுக்கு அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன். தாய்மாமன் பெயரையே விட்டுவிட்டு எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது? இருந்தாலும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாகக் கிளம்பினாள். தெற்கே போகும் ஏழரை மணி நீரோட்டம் நேரத்துக்கு வந்தது. நல்ல கூட்டம். ஒரு மத்திமீன் எழுந்து இடம் கொடுத்தது.

வற்றம் மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"என் பேரு எங்க தங்கச்சி?"

அச்சகத்துக்காரர் மேல் பழியைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. தான்தான் மறந்துவிட்டதாகச் சொன்னாள். வற்றம் குறையெல்லாம் கொட்டித் தீர்த்தார். தினம் இரண்டு தடவை தவறாமல் வருகிறாராம். அண்ணன் வந்தால் ஊரே ஓடிப்போய்ப் பார்க்கிறதாம், சுண்டல் வாங்கித் தின்கிறதாம். இவரை வா என்று கேட்க ஒரு நாதி இல்லையாம். கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வந்தது. பத்திரிகையைப் பிரித்து நீட்டினாள்.

"பெத்தவ பேரு எங்கன்னு பாருங்கண்ணே."

அவர் பார்த்தார். 'திரு. & திருமதி சந்தானம்' என்று இருந்தது. சந்தானம் அவளுடைய வீட்டுக்காரர். வற்றம் இரண்டு தடவை படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா, நேரமாவுது."

ஒன்பதுக்கெல்லாம் ரோடு தெரிந்தது. வேன் வந்தது. வற்றம் தாய்மாமன் மாலை போட்டார். பத்து மணிக்குத் தாலி ஏறியது.

பத்தே காலுக்கு வற்றம் விடைபெற்றார். அண்ணனையும் அலைகளையும் அழைத்துக்கொண்டார். அழைத்துப் போவது அவர் வேலை என்பதால் முன் மூன்று வரிசை நாற்காலிகளையும், அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் அழைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டே போனார். பக்கத்து நாற்காலியில் சந்தானம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மணல்திட்டைத் தாண்டும் வரை தையல்நாயகி கையசைத்தாள்.

சமையல்காரர் கரண்டியோடு வந்து, பந்தி எப்போது என்று கேட்டார்.

"சாயந்திரம் ஏழு மணிக்கு. ஏற்றத்தோட திரும்பி வந்துருவாங்க," என்றாள். "சாம்பாருக்கு மட்டும் உப்பு போட்டுறாதீங்க. அவங்க கொண்டாருவாங்க."