இரண்டு பொத்தான்கள்

மார்ச் 14, வியாழன், மதியம். நேற்றைய ஊசல் சோதனையில் ஒரு தவறு செய்துவிட்டேன். நூலின் நீளத்தை மட்டுமே மாற்றியதாக எழுதியிருக்கிறேன். உண்மையில் குட்டை நூலில் தொங்கியது சட்டைப் பொத்தான். நீள நூலில் நான் கட்டியது கோட்டுப் பொத்தான். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

இதை எழுதியவனுக்கு மாலை வகுப்பில் ‘ஸ்கேல்’ என்று பெயர். கையெழுத்துப் போடக்கூட அடியில் கோடு கிழித்துக்கொள்கிறவன். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. நீள நூல் சுருண்டு நின்றது கண்ணை உறுத்த, கனமாக எதையாவது கட்டினால் நேராகிவிடுமே என்று பெரிய பொத்தானைக் கட்டியிருந்தான்.

அவனோடு சேர்ந்து சோதனை செய்தவள் தையல் ஆலை அக்கா. ஆலையின் துணிப் பரிசோதனை அறையில் ஓர் இடம் காலி. சோதனை செய்யத் தெரியும் என்று காட்ட, வாத்தியார் கையெழுத்திட்ட சோதனைப் பக்கத்தைச் சனிக்கிழமை காலைக்குள் கொடுத்தால்தான் அந்த வேலைக்கு அவள் பெயரைச் சேர்ப்பார்கள்.

அன்று மாலை வகுப்பில் அவன் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“என்ன தம்பி, மூஞ்சி பேப்பர் சிக்கின மெஷின் மாதிரி இருக்கு?”

சொன்னான். அக்கா சோதனைப் பக்கத்தை இழுத்துப் பார்த்தாள்.

“நீளமா இருந்தா மெதுவா ஆடும்னு வந்துச்சே, அது தப்பா?”

“தப்பா இருக்காதுக்கா. ஆனா நாம மாத்துறது ஒண்ணுதான் இருக்கணும். அது சாரா மாறி, நூலோட நீளம். அதனால மாறுறது சார்ந்த மாறி, ஆடுற நேரம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். நான் எடையையும் மாத்திட்டேன். மெதுவா ஆடினது நூலாலயா, பொத்தானாலயான்னு யாராவது கேட்டா, நம்மகிட்ட பதில் இல்ல.”

“வாத்தியாருக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லாம விட்டுடலாம்னா...” மீதியை அவன் விழுங்கிக்கொண்டான்.

வாத்தியார் மேசை மேசையாக வந்து இவர்களிடம் நின்றார். பக்கத்தைப் பார்த்து, “பிரமாதம்” என்று பேனா மூடியைக் கழற்றினார்.

அக்கா சட்டென்று பக்கத்தின்மேல் கையை வைத்தாள். “போடாதீங்க சார். இதுல நீளமும் மாறியிருக்கு, எடையும் மாறியிருக்கு. எங்க ரெண்டு பேர் கண்ணுலயும் படல.”

‘எங்க’ என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். தான் மதியம் முழுக்கப் புழுங்கியதை, ஏதோ தையல் பிரிப்பதுபோல ஒரே இழுப்பில் முடித்துவிட்டாளே என்று வியந்தான்.

“உனக்கு சனிக்கிழமை கொடுக்கணுமேம்மா?” என்றார் வாத்தியார்.

“நாளைக்குத் திரும்பச் செஞ்சு காட்டுறோம் சார். சூப்பர்வைசர் கால்ல விழுந்தாவது சீக்கிரம் கிளம்பி வரேன்.”

அவர் பேனாவை மூடினார். “செஞ்சதை எடுத்துட்டு வாங்க. கட்டாயம் கையெழுத்துப் போடுறேன்.”

வெளியே வந்ததும் அக்கா அவன் தலையில் தட்டினாள். “நூல் வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகட்டும்டா. நாளைக்கு நீ பொத்தான் பக்கமே வரக்கூடாது, நான் கட்டுறேன்.”

வீட்டுக்கு வந்து அவன் எழுதினான்:

நாளை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். எல்லா நூலுக்கும் ஒரே கோட்டுப் பொத்தான். ஒரே அளவு இழுத்து விட வேண்டும். மாற்றுவது நீளம் மட்டும். அளப்பது நேரம் மட்டும். பொத்தானைக் கட்டுவது அக்கா.